வில்லுக்கு மரம் தேடிய அனுபவங்கள்: இலங்கை மலையகத்திலிருந்து மூவர்

மஸ்கெலியாவிலிருந்து

மரவில் செய்யும் முறையை விளக்கும் நூல்களில் முதலில் கண்ணில் படுவது ஐரோப்பாவின் யூ மரந்தான். 1991இல் ஆல்ப்ஸ் பனிமலையில் கண்டெடுக்கப்பட்ட ஓட்ஸி என்னும் ஆதிமனிதனின் அருகில் கிடந்த, வேலை முடியாத வில்லும், 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட விற்களும் அந்த மரத்தால் ஆனவை. அதற்கடுத்தபடியாக அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சையும் ஹிக்கரியையும் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தைச் சுற்றி இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எங்கு திரும்பினாலும் நிற்பது, தேயிலைக்கு நிழலாக நட்ட, நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக்தான். அதில் செய்த முதல் வில் பாதி இழுப்பிலேயே ஒடிந்தது. கித்துள் பனையின் கறுத்த வெளிப்பகுதி இரும்பு போல உறுதியானது என்று நம்பி அடுத்ததைச் செய்தேன். அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காமல் சிலும்பு சிலும்பாக எழும்பின. ஓசேஜ் ஆரஞ்சும் பலாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று படித்ததும் ஆசை விடவில்லை. நிற்கும் பலாவை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால், மரக்காலையில் ஒரு பலகைத் துண்டை விலைக்கு வாங்கினேன். வாள் போன போக்கில் அறுத்த பலகையில் நார் ஓட்டம் சாய்ந்து, நடுவிலேயே ஓரத்தை முட்டி நின்றது. அந்தச் சாய்வின் வழியாகவே அது பிளந்து போனது. அது பலாவின் குற்றமன்று, பலகையைத் தேர்ந்தெடுத்த என்னுடைய குற்றம்.

மலையுச்சிக் காடுகளில் தேடும் எண்ணத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன். சிவனொளிபாதமலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டவை; அங்கே மரம் வெட்டுவது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, பனிமூட்டத்திலும் காற்றிலும் குட்டையாகவே வளரும் அந்த மரங்களில் ஒன்று என் மணிக்கட்டளவு பருப்பதற்கு எத்தனை காலம் எடுத்திருக்கும் என்று நினைத்தால், அதன்மேல் கத்தி வைக்க எனக்கு மனம் வராது.

கடைசியில் மரம் கிடைத்தது பக்கத்து லயத்து அம்மாயியின் வீட்டுத் தோட்டத்தில். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் பரவி அழிக்கும்வரை இந்த மலைகளை ஆண்டது கோப்பி. தேயிலை வந்த பின்னும் வீட்டுத் தேவைக்கென்று ஓரிரு செடிகளை எங்கள் ஆட்கள் வைத்துக்கொண்டார்கள். அம்மாயியின் கோப்பி மரம் பல வருடங்களுக்கு முன் அடியோடு வெட்டப்பட்டு, அந்தக் கட்டையிலிருந்து நான்கு தளிர்கள் நெட்டுக்குத்தாக எழுந்து, கவனிப்பாரின்றிக் கைப்பருமனைத் தாண்டி வளர்ந்திருந்தன. “வெறகுக்குத்தான் வெட்டப் போறேன், வேணும்னா ஒண்ண எடுத்துக்க தம்பி” என்றார். கவ்வாத்துக் கத்தியால் வெட்டியபோதே கத்தி துள்ளியதில் மரத்தின் இறுக்கம் தெரிந்தது.

பட்டையை உரித்ததும் தந்தத்தின் வெளிர் மஞ்சளில், தடவினால் வழுக்கும் மரம் வெளிப்பட்டது. வளர்ச்சி வளையங்கள் தெளிவாகத் தெரியாத மரங்களில், இலக்கை நோக்கி இருக்கும் வெளிப்புறத்தைச் சீவவே கூடாது. பட்டைக்கு அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, நம்மை நோக்கிய உட்புறத்தில் மட்டுமே மரத்தைக் குறைக்க வேண்டும். கோப்பியின் பக்கக் கிளைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே கிளம்புவதால் கணுக்களும் அப்படியே சோடியாக வருகின்றன. ஒவ்வொரு கணுவையும் சற்றுப் புடைப்பாகவே விட்டுச் சுற்றிச் சீவினேன். இரண்டு முனைகளிலும் பெயின்ட் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் பத்து மாதம் கிடத்தினேன். எங்கள் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையில் இஸ்தோப்பில் வைத்த மரம் காயாது, பூஞ்சணந்தான் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு முறை தராசில் நிறுத்து, எடை குறைவது நின்ற பிறகே உளியை எடுத்தேன்.

சுவரில் முளையடித்து வில்லை அதில் மாட்டி, நாணைக் கயிற்றால் கீழே இழுத்து, எட்ட நின்று வளைவைப் பார்த்துப் பார்த்துச் சீவிய அந்த இரண்டு வாரங்களை நான் மறக்கவே மாட்டேன். 5 அடி 4 அங்குல நீளம், 32 இறாத்தல் இழுவிசை. இரண்டு வருடமாக எய்கிறேன்; நாணைக் கழற்றினால் ஒரு அங்குலம் வளைந்து நிற்கிறதே தவிர, ஒரு கீறல்கூட இல்லை.

பதுளையிலிருந்து

கோப்பியை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பதுளையிலிருந்து இறங்கினால் மகியங்கனைப் பக்கம் ஆதிக்குடிகளான வேடுவர் வாழும் தம்பானை வரும். அவர்களுடைய மரபான வில், பிளக்காத ஒரே கம்பைச் சீவிச் செய்த, ஆளுயரத்துக்கு நிற்கும் எளிய வில். நாணும் மரப்பட்டை நார்தான். அம்புத் தண்டுக்கு அவர்கள் பயன்படுத்திய மரங்களில் விணாங்கும் ஒன்று. முழுக் கம்பையே நம்பும் அந்த முறையைப் பார்த்த பிறகுதான் நானும் பலகையை விட்டேன். சிறிய சிவப்புப் பழம் காய்க்கும் கொய்யா வகை எங்கள் ஓடைக்கரையில் புதர் புதராக மண்டியிருக்கிறது. நெருங்கி வளர்வதால் தண்டுகள் நேராக இருக்கின்றன. அதில் செய்த இரண்டு விற்களில் ஒன்று நிலைத்தது. மற்றதில் நார் முறுகியிருந்ததைப் பட்டையை உரிக்குமுன் நான் கவனிக்கவில்லை. பட்டையில் மெல்லிய புரி ஓடினால் அந்தக் கம்பை விட்டுவிடுவது நல்லது.

தமிழில் சிலை என்ற சொல் வில்லையும் வில் செய்ய உதவிய ஒரு மரத்தையும் சேர்த்தே குறித்திருக்கிறது. அந்த மரம் எது என்று நான் கேட்காத ஆசாரி இந்தப் பக்கத்தில் இல்லை.

நுவரெலியாவிலிருந்து

எங்கள் வீட்டில் நிற்கும் லொக்கட் என்னும் பழமரத்தில் சென்ற வைகாசிக் காற்றில் ஒரு கிளை முறிந்தது. ஜப்பானியர் வாட்பயிற்சிக்கான மரவாள்களை இந்த மரத்தில் செய்து போற்றுகிறார்கள் என்பதால் அதை விறகாக்காமல் வைத்திருக்கிறேன். ஐந்தரை அடிக்குக் கணு மூன்றுதான். இங்கே குளிர் அதிகம் என்பதால் அதுவும் அடுப்புக்கு மேலேதான் கிடக்கிறது. நேற்று நிறுத்தபோதும் எடை குறைந்துகொண்டுதான் இருந்தது.