2+ என்று வந்த ரிப்போர்ட்

தக்கலைச் சகோதரி:

எங்கள் வீட்டில் ஒரே ஆண்டில் இரண்டு மார்புக் கட்டிகள். தங்கைக்கு 24 வயது. அவளுடையது தொட்டால் கோலிக்குண்டு போல் வழுக்கி ஓடும். ஊசி குத்திப் பார்த்துவிட்டு, ஃபைப்ரோ அடினோமா, புற்று இல்லை என்றார்கள். அந்தத் தைரியத்தில்தான் மதினி தன் கட்டியை மூன்று மாதம் மறைத்துவிட்டார். "அவளுக்கு ஒன்றுமில்லையே மக்களே, எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். அவருடையது ஓடவில்லை. கொல்லாங்கொட்டை அளவில், கல்லாக ஒரே இடத்தில் நின்றது.

பயாப்சியில் புற்று என்று வந்தது. அழுது தீர்த்தோம். செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற நொதி புற்றில் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பார்த்த தாள் அடுத்து வந்தது. அதில் 'ஹெர்2: 2+' என்று இருந்தது. பிளஸ் என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று அண்ணன் கேட்டார். "0, 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு. 2+ வந்தால் இன்னும் முடிவாகவில்லை, ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தாக வேண்டும்" என்றார் டாக்டர்.

பிளாக்கை வாங்கிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினோம். தீப்பெட்டியைவிடச் சிறிய மெழுகுத் துண்டு. அதற்குள் வெளுத்த நூல் போல் மதினியின் சதை. கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்தேன். களியக்காவிளை தாண்டியும் அதிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

ஃபிஷ் முடிவு பாசிட்டிவ். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஹெர்2ஐத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து ஏறுகிறது, மொத்தம் ஓராண்டு. இதயத்துக்கு இடையிடையே எக்கோ எடுக்கிறார்கள்.

நாகர்கோவில், ஆய்வக ஊழியர்:

ஹெர்2 செல்லின் மேலுறையில் நிற்கும் ஒரு நொதி, டைரோசின் கைனேஸ் வகை. வெளியிலிருந்து வரும் 'வளர்' என்ற சேதியை உள்ளே கடத்துவது அதன் வேலை. நல்ல செல்லிலும் உண்டு. மார்பகப் புற்று வந்தவர்களில் 100க்கு 15 முதல் 20 பேருக்கு அது அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறது. 3+ ஸ்லைடில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கரும்பழுப்புக் கோடு, கோழிக்கூட்டுக் கம்பிவலை போலவே இருக்கும். ஃபிஷ்ஷில் இருட்டுக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மின்னும். சிவப்பு ஹெர்2 மரபணு, பச்சை அது இருக்கும் 17ஆம் குரோமோசோம். எண்ணித்தான் முடிவு சொல்கிறோம்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஒருமுறை ஒரு பெண்ணின் சதைத் துண்டு சதையைக் கெடாமல் காக்கும் பார்மலினுக்குப் பதில் வெறும் உப்புநீரான சலைனில் மிதந்து வந்தது. அனுப்பியவர்களின் கவனக்குறைவு. அதை வைத்துச் சரியான அளவு சொல்ல வழியில்லை, அந்த அம்மா மறுபடியும் ஊசி குத்திக்கொண்டார். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் போட வேண்டும், 6 மணி நேரமாவது ஊற வேண்டும், 72ஐத் தாண்டக் கூடாது. பயாப்சிக்குப் போகிறவர்கள் பாட்டிலில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சகோதரி, அந்த பிளாக்கைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா? பின்னால் வேறு பரிசோதனைக்கும் அதுதான் வேண்டும்.

தக்கலைச் சகோதரி:

அங்கேயே இருக்கிறது. வியாழக்கிழமை அண்ணன் போகிறார், வாங்கி வரச் சொல்கிறேன்.