டைம்லேப்ஸ்ல 40 நிமிஷத்துக்கு அப்புறம் நட்சத்திரம் எல்லாம் மங்கி காணாம போகுது, லென்ஸ் போச்சா?

பீடோங்_பால்மரம்:
வணக்கம் அண்ணே அக்கா எல்லாருக்கும். நான் மலேசியால, கெடா மாநிலத்து பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன், டவுன்லேர்ந்து மோட்டர் சைக்கிள்ல பதினஞ்சு நிமிஷம், சுத்தி எல்லாம் செம்பனை, எங்க லயத்து வீட்டுக்கு பின்னால மட்டும் இன்னும் கொஞ்சம் பால்மரம், அதான் ரப்பர் மரம், நிக்குது. போன வருஷம் செகண்ட்ஹேண்ட் கேமரா ஒண்ணு வாங்கினேன், கூடவே 12 எம்எம் எஃப் 2 மேனுவல் லென்ஸ். பால்வீதி எழும்பி வர்றத டைம்லேப்ஸா (விட்டு விட்டு எடுத்த படத்த சேத்து வீடியோவா ஓட்டறது) எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

சிவராத்திரி அன்னிக்கு கோயில்ல எல்லாரும் முழிச்சிருந்தாங்க, மறுநாள் அமாவாசை வேற, வானம் கரேல்னு இருந்துச்சு, நான் ரெண்டு மணிக்கு மேல நைசா நழுவி வந்து பாடாங் (திடல்) ஓரத்துல ட்ரைபோட் போட்டு தென்கிழக்க பாத்து வச்சு 2.45க்கு ஸ்டார்ட் பண்ணிட்டு, திரும்ப கோயிலுக்கே போய் அங்கயே தூங்கிட்டேன். ஷட்டர் 20 செகண்டு, ஐஎஸ்ஓ 3200, இன்டர்வல் 22 செகண்டு, ரா ஃபைல். காலைல எட்டு மணிக்கு போய் எடுத்து பாத்தா முதல் 100 படம் அப்படி ஒரு அழகு, 110க்கு மேல நட்சத்திரம் எல்லாம் பஞ்சு மாதிரி ஆகுது, 150ல ஒண்ணுமே இல்ல, வெறும் சாம்பல் கலர். மறுநாள் ராத்திரியும் அதே கதை, இந்த தடவ 95வது படத்துலயே ஆரம்பிச்சிருச்சு.

ஒரு கடைல காட்டினேன், லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்கு, கழட்டி சுத்தம் பண்ணணும், 280 வெள்ளி (ரிங்கிட்)ன்னு சொன்னாங்க. குடுக்கலாமா வேணாமா சொல்லுங்க, சம்பளம் வர இன்னும் நாள் இருக்கு.

மோட்டர்_மைனர்:
சென்சார் சூடாயிருக்கும் லா. ராத்திரி பூரா ஓட விட்டா பின்ன என்ன ஆகும். பத்து நிமிஷம் ஓட்டு, பத்து நிமிஷம் நிறுத்து.

கூலிம்_அக்கா:
மைனர், நடுவுல நிறுத்தினா நட்சத்திரம் குதிக்கும், அது டைம்லேப்ஸ் இல்ல. சென்சார் சூடானா படத்துல செவப்பு, பச்ச, நீல புள்ளி ஏறும், மங்காது.

தம்பி, பூஞ்சைன்னா முதல் படத்துலேர்ந்தே இருக்கும், 110வது படத்துல வந்து உக்காராது. பணம் குடுத்துறாதீங்க. எனக்கு மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, ஃப்ரேமுக்குள்ள தரைல எங்கயாவது லைட் இருக்கா, ஆலை லைட்டு, ஜாகா (காவல்காரர்) கொட்டாய் லைட்டு ஏதாவது? ரெண்டு, அது 90வது படத்துல எப்படி இருக்கு, 130வது படத்துல எப்படி இருக்கு? மூணு, காலைல கேமராவ எடுக்கும்போது வெயில் பட்டுச்சா?

பீடோங்_பால்மரம்:
அக்கா, ஜாகா கொட்டாய் லைட்டு இருக்கு, ஃப்ரேமோட வலது மூலைல. நீங்க கேட்டதுக்கப்புறம்தான் ஜூம் பண்ணி பாத்தேன். 90ல சின்ன புள்ளி. 130ல அந்த லைட்ட சுத்தி பெரிய வட்டமா வெளிச்சம், நெலாவுக்கு கோட்ட கட்டின மாதிரி. எட்டு மணிக்கு நல்ல வெயில், கண்ணாடி காஞ்சுதான் இருந்துச்சு, அதனாலதான் தண்ணி கிண்ணின்னு நெனைக்கவே இல்ல.

கூலிம்_அக்கா:
அப்ப முடிஞ்சுது. மேகம்னா நட்சத்திரம் மறையும், ஆனா ஜாகா லைட்டு அப்படியே கூர்மையா இருக்கும். ஃபோகஸ் நகர்ந்திருந்தா லைட்டு ஓரம் தெளிவா ஒரு தட்டு மாதிரி ஆகும், புகையாது. லைட்ட சுத்தி கோட்ட கட்டுதுன்னா கண்ணாடி மேல பனி படிஞ்சிருக்கு. ஏழரைக்கு சூரியன் வந்து எட்டு மணிக்குள்ள காஞ்சு போச்சு, நீங்க பாக்கும்போது சாட்சி இல்ல, அவ்ளோதான்.

பீடோங்_பால்மரம்:
பனியா? நம்ம ஊர்லயா அக்கா? ராத்திரில கூட ஃபேன் இல்லாம படுக்க முடியல.

கடாரத்தான்:
தம்பி, தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எங்கம்மா முப்பது வருஷம் பால் வெட்டினாங்க, இந்த மாசத்துல நெரைக்குள்ள போனா சிலுவார் (கால்சட்டை) முட்டி வரைக்கும் நனைஞ்சுதான் வருவாங்க, மழையே இருக்காது. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் நம்ம கெடா பக்கம் வறட்சி, வானம் தெளிவு, நட்சத்திரத்துக்கு அதுதான் நல்ல காலம், பனிக்கும் அதேதான் நல்ல காலம். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்.

கூலிம்_அக்கா:
அண்ணே சொன்னது ரொம்ப சரி. தம்பி, பனி மேலேர்ந்து விழறது இல்ல. மேகம் இல்லாத ராத்திரில வானத்த பாத்து இருக்கற எந்த பொருளும் தன் சூட்ட மேல விட்டுக்கிட்டே இருக்கும், சுத்தி இருக்கற காத்த விட ரெண்டு மூணு டிகிரி குளுந்துரும். நம்ம ஊர் காத்துல ராத்திரி ஈரம் 90 சதவீதத்துக்கு மேல போய்டும், அதனால அந்த ரெண்டு டிகிரி போதும், காத்துல இருக்கற தண்ணி அது மேல படியும். நமக்கு வேர்க்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நாளைக்கு காலைல ஆறு மணிக்கு வெளிய நிக்கற மோட்டர் சீட்ட தொட்டு பாருங்க, அஞ்சடில (வீட்டு முன்கூரைக்கு கீழ) நிக்கற மோட்டர் சீட்டயும் தொட்டு பாருங்க. கூரைக்கு கீழ இருக்கறது காஞ்சு இருக்கும், ஏன்னா அது வானத்த பாக்கல.

உங்க 12 எம்எம் லென்ஸ் முன்கண்ணாடி கொஞ்சம் வெளிய துருத்திட்டு வானத்த அண்ணாந்து பாத்துட்டே இருக்கு, அதுதான் முதல்ல நனையும். எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நாலு மணிக்கு எழுந்து போய் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சு கண்ணாடிய பாருங்க. டி-ஷர்ட்டால தொடைக்காதீங்க, திரும்ப ரெண்டு நிமிஷத்துல படியும், கோடு வேற விழும்.

பீடோங்_பால்மரம்:
அக்கா பாத்துட்டேன். சீட்டு ரெண்டும் நீங்க சொன்ன மாதிரியேதான். நேத்து 3.50க்கு போய் டார்ச் அடிச்சேன், கண்ணாடி தே அய்ஸ் (ஐஸ் டீ) கிளாஸ் வெளிப்பக்கம் மாதிரி இருக்கு, சின்ன சின்ன முத்தா, சிலது ஒண்ணா சேந்து வழிஞ்சிருக்கு. ட்ரைபோட் காலும் நனைஞ்சிருச்சு. 280 வெள்ளி மிச்சம், உங்களுக்கு பெரிய நன்றி. இனி என்ன பண்றது?

மோட்டர்_மைனர்:
சரி நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) யூஎஸ்பி ஃபேன் விக்கறான் பாரு, அத லென்ஸ பாத்து வச்சு விடு. காத்து அடிச்சா பனி நிக்காது.

கூலிம்_அக்கா:
இந்த தடவ மைனர் சொல்றதுல விஷயம் இருக்கு 😀 ஃபேன ட்ரைபோட்லயே கட்டாதீங்க, ஆடும். தனியா ஒரு நாக்காலி மேல வைங்க. ஆனா ரொம்ப ஈரமான ராத்திரில ஃபேன் தாமதப்படுத்தும், முழுசா தடுக்காது. சரியான வைத்தியம் லென்ஸ் ஹீட்டர் ஸ்ட்ராப், துணிப்பட்டை மாதிரி இருக்கும், லென்ஸ் வாயில சுத்திட்டு யூஎஸ்பிய பவர்பேங்க்ல சொருகணும். கொதிக்க விட வேணாம், கண்ணாடி சுத்தி இருக்கற காத்த விட ரெண்டு மூணு டிகிரி சூடா இருந்தா போதும், குறைஞ்ச சூட்டுலயே வைங்க. பனி வந்தப்புறம் போடாதீங்க, ஆரம்பத்துலயே போட்டுருங்க.

ராத்திரி_ஷிப்ட்:
பவர்பேங்க் 20,000 எம்ஏஎச் எடுத்துக்கோ தம்பி. அதுல 74 வாட் ஹவர் கிட்ட இருக்கும், ஸ்ட்ராப் 5 வாட் இழுக்குதுன்னா மூணு மணி நேரத்துக்கு 15தான், மிச்சம் கேமராவுக்கும் ஓடும். பழைய 10,000 வச்சு நான் ஒரு தடவ முயற்சி பண்ணினேன், அஞ்சு மணிக்கு செத்துருச்சு, கடைசி அரை மணி நேரம் அப்படியே பால்பாயசம்.

பீடோங்_பால்மரம்:
அப்டேட். ஃபேன் மட்டும் வச்சு எடுத்தேன், 260 படம் வரைக்கும் தாங்கிச்சு, அப்புறம் மங்கிருச்சு. ஸ்ட்ராப் ஆர்டர் பண்ணி வந்து நேத்து போட்டேன், இப்ப புது பிரச்சன. பனி இல்ல, டார்ச் அடிச்சு பாத்தேன் கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. ஆனா முதல் படத்துலேர்ந்து எல்லா நட்சத்திரமும் குண்டு குண்டா இருக்கு, ஜாகா லைட்டும் தட்டு மாதிரி. மறுபடி லென்ஸ் போச்சா 😭

கடாரத்தான்:
தட்டு மாதிரின்னா அக்கா மேல சொன்னாங்களே தம்பி. ஃபோகஸ்.

கூலிம்_அக்கா:
அண்ணே முந்திட்டாரு. ஸ்ட்ராப்ப எங்க சுத்தினீங்க? உங்க லென்ஸ் மேனுவல், ஃபோகஸ் வளையம் லேசா தொட்டாலே திரும்பும். ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் ஸ்ட்ராப்ப இழுத்து கட்டியிருப்பீங்க, வளையமும் கூடவே திரும்பியிருக்கும். வரிசைய மாத்துங்க. முதல்ல ஸ்ட்ராப்ப லென்ஸோட வாய் ஓரத்துல கட்டுங்க, வளையத்து மேல ஏறக்கூடாது. சூட்ட போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் விடுங்க, கண்ணாடி சூடாகும்போதும் ஃபோகஸ் ஒரு மயிரிழை நகரும். அப்புறம் லைவ் வியூல பெரிசாக்கி ஒரு நல்ல நட்சத்திரத்த புடிச்சு ஊசி முனை ஆகற வரைக்கும் திருப்புங்க, வளையத்துல போட்டிருக்கற முடிவிலி குறிய நம்பாதீங்க. கடைசியா வளையத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டுங்க. ஸ்ட்ராப் வயரையும் ட்ரைபோட் காலோட சேத்து கட்டிருங்க, தொங்கினா காத்துல இழுக்கும்.

பீடோங்_பால்மரம்:
ஆமா அக்கா வளையத்து மேலதான் சுத்தினேன் 🙈 எந்த நட்சத்திரத்த புடிக்கறது? அந்த நேரத்துல தென்கிழக்குல எது பெரிசு?

கடாரத்தான்:
கேட்டைய புடி. செவப்பா இருக்கும், விருச்சிகத்தோட நெஞ்சு. மார்ச் தொடக்கத்துல ரெண்டு மணிக்கெல்லாம் செம்பனைக்கு மேல வந்துரும். அதுக்கு கீழ தேள் கொடுக்கு மாதிரி வளையறது மூலம். பால்வீதியோட நடு மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவுல இருக்கு, அதனால மூலம் ஏற ஏற பின்னாலயே அந்த வெளிச்ச மூட்டையும் ஏறும். ஜாதகத்துல ஆயிரம் தடவ மூலம்னு கேட்டிருப்ப, ஒரு தடவ கண்ணால பாத்துக்கோ.

பீடோங்_பால்மரம்:
அண்ணே சூப்பர். இன்னும் ரெண்டு சந்தேகம். விடியற வரைக்கும் ஓட்டலாமா? அப்புறம் ஜெராய் மலை மேல பால்வீதி நிக்கற மாதிரி எடுக்கணும், எங்க வீட்டுலேர்ந்து மலை நல்லா தெரியும்.

கடாரத்தான்:
ரெண்டாவது கேள்விக்கு மட்டும் நான். பீடோங்லேர்ந்து ஜெராய் வடமேற்குல இருக்கு, பால்வீதியோட நடுப்பகுதி அந்த பக்கம் போகவே போகாது, அது தென்கிழக்குல எழும்பி தென்மேற்குலதான் மறையும். நீ மலைக்கு அந்தப் பக்கம் போகணும், குருண் பக்கம் நின்னா ஜெராய் தென்மேற்குல வரும். ஜூலை கடைசில ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு அந்த வெளிச்சம் மலைய பாத்து சாயும். 1,217 மீட்டர் மலை, சுத்தி எல்லாம் சமவெளி, அதனால தனியா எடுப்பா நிக்கும். ஆனா அந்த மாசத்துல சுமத்ரா புகை வந்தா ஒண்ணும் தெரியாது, தெற்குல சுங்கை பட்டாணி வெளிச்சம் வேற மஞ்சளா ஏறும். பொறுமை வேணும்.

கூலிம்_அக்கா:
விடியலுக்கு: ஓட்டலாம். 1982 ஜனவரி 1லேர்ந்து நம்ம கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளி சபா சரவாக்கோட ஒண்ணாக்கிட்டாங்க, அதனால நமக்கு இப்ப சூரியன் ஏழரைக்குத்தான், 6.15 வரைக்கும் நல்ல இருட்டு. 2.45லேர்ந்து 6 மணி வரைக்கும் உங்க இன்டர்வலுக்கு 530 படம் கிட்ட வரும், செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல ஓட்டினா 21 செகண்டு வீடியோ. முதல் தடவ அதோட நிறுத்திக்கோங்க. விடியலையும் சேக்கணும்னா வெளுக்க வெளுக்க ஐஎஸ்ஓவ ஒவ்வொரு படியா கையால இறக்கணும், அப்புறம் ஷட்டர, பக்கத்துலயே உக்காரணும், கோயில்ல தூங்க முடியாது 😀 லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஆன்ல இருந்தா ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு 20 செகண்டு தின்னும், ஒண்ணு விட்டு ஒண்ணு படம் போய்டும்.

பீடோங்_பால்மரம்:
கிடைச்சிருச்சு!!! 528 படம், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஜாகா லைட்டு ஊசி முனை. ட்ரைபோட் கால்ல பனி வழியுது, பேக் நனைஞ்சு போச்சு, கண்ணாடி மட்டும் காஞ்சு இருக்கு. 21 செகண்டு வீடியோவ எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியல.

மோட்டர்_மைனர்:
செம டா. 17வது செகண்டுல கீழ இடது பக்கம் ஒரு வெளிச்சக்கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுதே அது என்ன, பேயா? மாஸ்க் போட்டு அழிச்சுரு.

பீடோங்_பால்மரம்:
அது எங்க பெரியம்மா. அஞ்சு மணிக்கு தலைல லைட்டு கட்டிட்டு பால் வெட்ட போறாங்க, ஒவ்வொரு மரமா நின்னு நின்னு போறதாலதான் அப்படி முடிச்சு முடிச்சா விழுந்திருக்கு. அழிக்க மாட்டேன்.

ராத்திரி_ஷிப்ட்:
தம்பி அந்த ஸ்ட்ராப் எத்தன நீளம்? என் லென்ஸ் வாய் 77 எம்எம், சுத்துமா?

பீடோங்_பால்மரம்:
என்னோடது 67 அண்ணே, சுத்தினதுக்கப்புறம் நாலு விரல் மிச்சம் இருக்கு. 77க்கு சுத்துளவு 24 சென்டிமீட்டருக்கு மேல வரும், வாங்கறப்ப அத பாத்து வாங்குங்க.