அலாரம் அடித்த இரவும் அதற்குப் பிறகும்: நிறுவனங்களின் தரவுக் கசிவில் சட்டப் பணி செய்தவர்களின் அனுபவப் பகிர்வு

நொய்யல் (நிறுவனச் சட்ட ஆலோசகர், கோவை)

இணையத் தாக்குதல் போன்ற சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் விதியை இங்கிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 28 உத்தரவு வந்த நாளிலிருந்து பயிலரங்கு தோறும் அதைத்தான் கேட்டுவருகிறோம். ஒரு நிர்வாகக் கூட்டத்தில் அந்த ஆறு மணி நேரம் என்ன பாடுபடும் என்பதை எந்தப் பயிலரங்கிலும் நான் கேட்டதில்லை.

நான் பணியாற்றும் பம்பு உற்பத்தி நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் இருந்த செர்வரை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் மென்பொருள், முடக்கியது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி விவரம் என்று தொழிலாளர்களைப் பற்றிய அனைத்தும் அதில்தான் இருந்தன. நள்ளிரவு தாண்டிக் கூடிய கூட்டத்தில், எச்சரிக்கை பதிவான நேரத்தை ஐ.டி. மேலாளர் திரையில் காட்டினார்: 16:40. மாலை நான்கு நாற்பதுக்கே தெரிந்துவிட்டது என்றால் கெடு இரவு பத்து நாற்பதோடு முடிந்துவிட்டது என்று நிதி இயக்குநர் கணக்கிட்டார். உடனே அறையின் பேச்சே மாறிவிட்டது. கெடு தவறியதை நாமே எழுதிக் கொடுப்பானேன், திங்கட்கிழமை வெளி வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்.

அப்போது கடைசி நாற்காலியில் இருந்த, பணியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் எழுந்துவந்து தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதே எச்சரிக்கை குறுஞ்செய்தியாக அவருக்கு வந்த நேரம் இரவு 10.10. செர்வரின் பதிவேடு உலகப் பொதுநேரத்தில் எழுதப்பட்டிருந்தது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பரபரப்பில் எவருக்கும் தோன்றவில்லை. செர்வர்க் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையத்தின் நேரத்தோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடோ இணைக்க வேண்டும் என்று அதே உத்தரவு சொல்கிறது. எங்கள் கடிகாரமும் ஒழுங்காக இணைக்கப்பட்டுத்தான் இருந்தது. அதிகாலை 4.10 வரை நேரம் இருந்தது. தெரிந்த விவரங்களை மட்டும் படிவத்தில் நிரப்பி மூன்று மணிக்குள் அனுப்பிவிட்டோம்.

கெடு போய்விட்டது என்று அனைவரும் நம்பியிருந்த அந்தச் சில நிமிடங்களில், அந்த முகங்களில் பதற்றம் தணிந்து ஒரு நிம்மதி படர்ந்ததை நான் பார்த்தேன். தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்கள் யார் கையில் இருக்கின்றன என்று தெரியாத நேரத்தில் வந்த நிம்மதி அது. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

பாரிமுனை (வழக்கறிஞர், சென்னை)

அந்தப் பொறியாளருக்கு என் வணக்கம்.

விலகிப்போன ஊழியர் வாடிக்கையாளர் பட்டியலைக் கையோடு எடுத்துச் சென்றுவிட்டார் என்று வழக்குத் தொடுக்க ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தார் என்னிடம் வந்தார்கள். அவர் பயன்படுத்திய மடிக்கணினியை என் மேசைமேல் வைத்தார்கள். திறந்ததும் வேறு யாரோ ஒருவரின் குழந்தை திரையில் சிரித்துக்கொண்டிருந்தது. ஐ.டி. பிரிவு அதைத் துடைத்து, விண்டோஸை மறுபடி ஏற்றி, புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. “பேக்கப் இருக்கிறது சார்” என்றார் மேலாளர். பேக்கப்பில் கோப்புகள் இருந்தன. எந்தப் பென் டிரைவ் எந்த நாளில் செருகப்பட்டது என்ற தடயம் இல்லை. வழக்கின் உயிர் அந்தத் தடயத்தில்தான் இருந்தது.

ஆகவே இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கிலும் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் தெளிவாக்கிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: சான்றிதழின் முதற்பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஆவணத்தின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கணித அடையாளம்), எந்த முறையில் அது கணக்கிடப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். சம்பவம் நடந்த அன்றே ஹேஷ் எடுத்து வைக்காவிட்டால், ஓராண்டு கழித்து எடுக்கும் ஹேஷ் அந்த ஓராண்டில் யாரும் கைவைக்கவில்லை என்பதைக் காட்டாது. கணினியை வலையமைப்பிலிருந்து துண்டியுங்கள். நிபுணர் வரும்வரை அணைக்காதீர்கள், ஏனென்றால் நினைவகத்தில் இருப்பது அணைத்தவுடன் போய்விடும். மிரட்டல் செய்தி தெரியும் திரையைத் தேதியும் நேரமும் தெரியப் படம் எடுங்கள். ஹார்ட் டிஸ்கை அதில் எதுவும் எழுதப்படாதபடி முழுப் படிமமாக எடுக்கச் சொல்லி, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதற்கு ஒரு பதிவேடு வையுங்கள். வலையமைப்பின் காவல் அரணான ஃபயர்வாலின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தாலும், பல நிறுவனங்களின் கருவிகளில் சில நாட்களிலேயே பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடுகிறது. முதல் நாளே நகல் எடுத்துவிடுங்கள். விசாரணை அறிக்கையைச் சட்டப் பிரிவின் பெயருக்கே முகவரியிட்டு வாங்குங்கள். அப்போதுதான் அதன் ரகசியம் காக்கப்படும்.

தரமணி (தகவல் பாதுகாப்பு இணக்க அலுவலர்)

நொய்யல் அவர்கள் சொன்னதில் எனக்கு ஓர் உடன்பாடின்மை உண்டு. குறுஞ்செய்தி 10.10-க்கு வந்ததால் கெடு 4.10 வரை இருந்தது என்கிறீர்கள். உத்தரவு சொல்வது, சம்பவத்தை நிறுவனம் கவனித்ததிலிருந்து, அல்லது அது நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதிலிருந்து ஆறு மணி நேரம் என்று. சம்பளப் பிரிவில் யாரேனும் ஏழு மணிக்கே “கோப்பு திறக்கவில்லை, பெயரெல்லாம் மாறியிருக்கிறது” என்று உதவி மையத்துக்குப் புகார் செய்திருந்தால், கணக்கு அங்கிருந்தே தொடங்கியதாக ஒரு விசாரணை அதிகாரி கொள்ளலாம். கெடு உண்மையிலேயே தவறியிருந்தாலும் அறிவிக்கும் கடமை அதோடு தீர்ந்துவிடுவதில்லை. அதை அன்றிரவு அறையில் யாரேனும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். எல்லா விவரமும் கையில் இருக்க வேண்டியதில்லை, கிடைத்ததை முதலில் தந்து மற்றதைப் பிறகு தரலாம் என்று செர்ட்-இன் 2022 மே மாதம் வெளியிட்ட வினா-விடைத் தொகுப்பே கூறுகிறது.

நான் கண்டதும் இதே இடறல்தான். எங்களுக்கு மென்பொருள் வழங்கும் நிறுவனம், தங்கள் பக்கம் ஊடுருவல் நடந்திருப்பதாக ஒரு சனிக்கிழமை மின்னஞ்சல் அனுப்பியது. அது போய்ச் சேர்ந்தது ஒப்பந்தத்தில் குறித்திருந்த முகவரிக்கு, அதாவது பணி ஓய்வு பெற்றுவிட்ட கொள்முதல் அலுவலரின் பெட்டிக்கு. அந்தப் பெட்டியைத் திறந்தபோது, அந்த மடலுக்குக் கீழே அதே நிறுவனம் அனுப்பிய நினைவூட்டலும் படிக்கப்படாமல் கிடந்தது. சட்டத்தின் பார்வையில் எங்கள் கவனத்துக்கு அது என்று வந்தது? உள்ளே பல நாள் வாதிட்டோம். ஒரே விடைக்கு எங்களால் வர இயலவில்லை.

வைகை (வழக்கறிஞர், மதுரை)

மேலே எழுதிய மூவரும் அரசுக்கு அறிவிப்பது பற்றியும் நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய தரவு போனதோ அவர் இதுவரை இந்தப் பேச்சுக்குள் வரவில்லை.

ஒரு கருத்தரிப்பு சிகிச்சை மையத்தின் ஆவணங்கள் கிளவுட் சேமிப்பில் கடவுச்சொல் இன்றித் திறந்துகிடந்தன. வெளியிலிருந்து ஒருவர் கண்டு சொன்ன பிறகு அதை மூடினார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு கடிதமும் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் என்னை அழைத்தார்கள். நான் அங்கே இருந்தபோது ஒரு பெண்மணி வந்து ஓர் உறையை மேசைமேல் வைத்தார். உறையின் இடது மூலையில் மையத்தின் பெயரும், தாயும் சேயும் கொண்ட அதன் சின்னமும் வண்ணத்தில் அச்சிடப்பட்டிருந்தன. உறையின் வாய் கிழிக்கப்பட்டிருந்தது. “இதை நான் பிரிக்கவில்லை, என் மாமியார் பிரித்தார்” என்றார். சிகிச்சை பற்றி அவருக்கும் அவர் கணவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. தொடர்புக்கு அவர் கொடுத்திருந்தது தம் கைப்பேசி எண் ஒன்றைத்தான்; வீட்டு முகவரியை அடையாள அட்டை நகலிலிருந்து நிர்வாக அலுவலகம் எடுத்திருக்கிறது. ஆவணங்களை இணையத்தில் யாரும் பார்த்தார்களா என்பது இன்றுவரை தெரியாது. அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது உறுதியாகத் தெரியும்.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளில், பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய பயனர் கணக்கு வழியாகவோ அவர் பதிவு செய்துகொடுத்த தொடர்பு வழியாகவோ தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பலர் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்த உறை நினைவுக்கு வருகிறது. என்ன நடந்தது, எப்போது, எந்த அளவில், அதனால் இவருக்கு என்ன நேரக்கூடும், நிறுவனம் என்ன செய்தது, இவர் என்ன செய்துகொள்ளலாம், யாரிடம் கேட்கலாம் என்று தெளிவான எளிய நடையில் சொல்ல வேண்டும் என்றும் விதி கூறுகிறது. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர 2027 மே வரை அவகாசம் உண்டு.

இழப்பீடு பற்றி அவர் கேட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்கீழ், மருத்துவ ஆவணம் போன்ற அந்தரங்கமான தரவைக் கவனக்குறைவாகக் கையாண்ட நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து விசாரிக்கிறார். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்த 43ஏ நீங்கிவிடும். அந்தப் புதிய சட்டத்தில், பாதுகாப்பில் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்று கருத்தரங்குகளில் அனைவரும் சொல்கிறோம். அது அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. அந்தப் பெண்மணிக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. இதை நம் வழக்கறிஞர் சங்கங்கள் உரக்கப் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஊத்துக்குளி (ஏற்றுமதி நிறுவனங்களின் ஆலோசகர், திருப்பூர்)

எங்கள் பக்கம் நடப்பது வேறு வகை. பின்னலாடை அனுப்பியாகிவிட்டது, வெளிநாட்டு வாங்குநர் பணமும் செலுத்திவிட்டார், ஏற்றுமதியாளருக்கு வரவில்லை. “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று உங்களிடமிருந்துதான் மடல் வந்தது என்கிறார் வாங்குநர். அந்த மடலை அச்சிட்டு என் முன் வைத்தபோது எந்த வேறுபாடும் தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே, முகவரியில் ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றது தெரிந்தது. வயதான முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்து, மறுபடி துடைத்தார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அடையாளத் திருட்டு, ஆள்மாறாட்ட மோசடி ஆகியவற்றுக்கான 66சி, 66டி பிரிவுகளில் புகார் கொடுத்தோம். வாங்குநரோடு இழப்பு யாருடையது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு வரி இருந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும். கணக்கு எண்ணில் மாற்றம் என்றால் மின்னஞ்சல் மட்டும் போதாது, ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே பணம் செலுத்த வேண்டும், அப்படிச் செய்யாதவர் இழப்பை ஏற்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொலைபேசி எண்ணை ஒப்பந்தத்திலேயே குறியுங்கள். மடலின் அடியில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அதுவும் போலியாக இருக்கும். உள்நாட்டில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. தரமணி அவர்கள் சொன்ன ஓய்வு பெற்றவரின் பெட்டியும் இதே நோய்தான்: அறிவிப்பு முகவரியைத் தனிமனிதர் பெயரில் வைக்காமல், பலர் பார்க்கும் பொதுப்பெட்டியாக வையுங்கள்.

அடையாறு (வழக்கறிஞர், சென்னை)

பாரிமுனை ஐயாவின் மற்ற அறிவுரைகளை ஏற்கிறேன்; கடைசி வரியை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. விசாரணை அறிக்கையைச் சட்டப் பிரிவின் பெயருக்கு வாங்கினால் ரகசியம் காக்கப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்தில் பணியாற்றும் சட்ட அலுவலர்கள் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆம் பிரிவு தரும் வழக்கறிஞர் சிறப்புரிமைக்கு, அதாவது கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாதிருக்கும் பாதுகாப்புக்கு, உரியவர்கள் அல்லர் என்று கூறிவிட்டது.

என் கட்சிக்கார நிறுவனம் ஒன்றுக்குக் காவல்துறையிடமிருந்து ஆவணங்களைக் கேட்டு அழைப்பாணை வந்தபோது, அந்நிறுவனத்தின் சட்ட மேலாளர் ஒரு கத்தை மடல்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றின் தலைப்பிலும் “ரகசியம், சட்ட ஆலோசனைக்காக” என்று இருந்தது. உள்ளே இருந்தவை பெரும்பாலும் எந்த செர்வருக்கு எப்போது பேட்ச் (பாதுகாப்புக் குறையை அடைக்கும் திருத்தம்) போடவில்லை என்ற ஐ.டி. பிரிவின் உரையாடல்கள். தலைப்பில் அந்த வரி இருந்தால் போதும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு தாளையும் கவிழ்த்து வைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது அந்நிறுவனம் தடயவியல் நிபுணரை வெளி வழக்கறிஞர் வழியாகவே அமர்த்துகிறது. நடந்தது என்ன என்ற உண்மை அறிக்கை ஒன்று, அதன்மேல் சட்டக் கருத்து மற்றொன்று என்று இரண்டையும் தனித்தனியாக வாங்குகிறது. முதலாவதை எப்போது யார் கேட்டாலும் கொடுக்க நேரும் என்று எண்ணித்தான் எழுதச் சொல்கிறோம்.