கோயில் காட்டில் வகுப்பு: பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம், அஞ்சாம் வகுப்பு எடுக்கிறேன். 22 பிள்ளைகள். பத்து நிமிட நடையில் அய்யனார் கோயில் காடு. வாரம் ஒரு பாடவேளை அங்கே நடத்த ஆசை. போன மாதம் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், நான் கத்தியதுதான் மிச்சம். எல்லைக்குள் செருப்பும் போடக் கூடாது. பாம்பு வந்தால் யார் பொறுப்பு என்கிறார் தலைமையாசிரியர். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
மரங்களுக்குப் பெயர்ப்பலகை அடித்துவிடுங்கள் டீச்சர், வேலை சுலபம்.

பதில் 2:
பலகை வேண்டாம். சாமி மரத்தில் ஆணியடித்தால் பூசாரி விடமாட்டார், நியாயமும் அவர் பக்கம்தான்.

நான் ஆறு வருடமாகக் கொண்டுபோவது சணல் கயிறு. மூணு மீட்டர் வெட்டி, நுனிகளை முடிந்து, மூணு பேருக்கு ஒன்று. தரையில் வட்டமாகப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று இருபது நிமிடம் பார்க்க வேண்டும். ஓட்டம் தானாக நின்றுவிடும். சருகைக் குச்சியால்தான் விலக்க வேண்டும், தேள் இருக்கும். மேலே காய்ந்த வீரை மரத்து இலை, அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் அடியில் கருப்பு மக்கு. மக்கைக் கையில் வாங்கினால் சில்லென்று இருக்கும்.

மணலில் கூம்புக் குழி தெரிந்தால் அது குழிநரிப் பூச்சி. வாசிக்கத் திணறுகிற ஒரு பையன்தான், “சார், இது பின்னாடியேதான் நடக்குது” என்றான். அதுவரை எனக்கே தெரியாது.

செருப்புக்கு, பூசாரியிடமே கேட்டேன். குதிரைச் சிலைகளுக்கு இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்றார். வீரை, காயா மரமெல்லாம் அங்கேயே நிற்கின்றன. உள்ளே வருடத்துக்கு ஒரு தடவை போனால் போதும். பாம்புக்கு, நான் முதலில் கம்பைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்துவிடுவேன். அடைமழைக் காலத்தில் போவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரும் அடங்குவார், மரத்தின் பெயரும் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
கயிறு வாங்கியாச்சு சார், வெள்ளிக்கிழமை போகிறோம். தாழ்ந்த கிளையில் முசுறு எறும்புக் கூடு ஒன்று இருக்கிறதே, கலைத்துவிடவா?

பதில் 2:
ஐயோ, வேண்டாம். ஒரு கிளை கலைந்தால் 22 பேரும் அழுவார்கள். நாலடி தள்ளி நிறுத்திக் காட்டுங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்திருக்கும் வெள்ளை இழை, அந்த எறும்பின் புழு சுரப்பது. பெரிய எறும்பு புழுவைக் கவ்விப் பிடித்துத் தைக்கிறது. “அப்போ புழுதான் ஊசியா சார்?” என்று கேட்பார்கள், பாருங்கள்.