பைத்தான் 3.14க்கு மாறியபின் ஜூபிடர் செல்லில் 1/3 பின்னமாக வரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை

கணக்குப்பிள்ளை:
வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு ஜூபிடரில் (பைத்தானைச் செல் செல்லாக ஓட்டும் நோட்புக்) சிம்பை (குறியீட்டுக் கணித நூலகம்) வைத்து இயற்கணிதம் நடத்துகிறேன். செல்லில் 1/3 என்று அடித்தால் 0.3333333333333333 வரக்கூடாது, 1/3 என்றே நிற்க வேண்டும். அதற்காக ஐபைத்தான் (ஜூபிடருக்கு உள்ளே பைத்தானை ஓட்டுவது) ஆவணத்தைப் பார்த்து முன்பு எழுதிய ஒரு சின்ன கிளாஸ் இருக்கிறது. செல் ஓடுவதற்கு முன்னால் அதன் ஏஎஸ்டியில் (நிரலைப் பகுத்துக் கிடைக்கும் மர அமைப்பு) உள்ள ஒவ்வொரு முழு எண்ணையும் சிம்பையின் இன்டிஜருக்குள் சுற்றிவிடும். ஆய்வகத்தில் பைத்தானை 3.14 ஆக்கினார்கள், அன்றிலிருந்து தசமம்தான். ஐபைத்தான் இப்படிப்பட்ட மாற்றிகளை வைத்திருக்கும் ஏஎஸ்டி_டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பட்டியலை பிரிண்ட் செய்து பார்த்தால் என் கிளாஸ் அங்கேதான் இருக்கிறது. எங்கே தேடுவது?

நிரலி:
பட்டியலில் இருக்கிறது என்பதே நல்ல துப்பு சார். டிரான்ஸ்ஃபார்மர் பிழை கிளப்பியிருந்தால் ஐபைத்தான் எச்சரித்துவிட்டு அதைப் பட்டியலிலிருந்தே தூக்கியிருக்கும். அப்படியானால் உங்கள் மெத்தடை யாரும் கூப்பிடவே இல்லை. அதன் பெயர் விசிட்_நம் தானே?

கணக்குப்பிள்ளை:
ஆமாம், விசிட்_நம் தான்.

நிரலி:
அதுதான் கோளாறு. எண், சரம், ட்ரூ, நன் எல்லாமே பைத்தான் 3.8லிருந்து கான்ஸ்டன்ட் என்ற ஒரே வகை நோடு (ஏஎஸ்டி மரத்தின் கணு). பழைய பெயரில் எழுதியவர்களுக்காக விசிட்_நம்மையும் இத்தனை வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இது போகப்போகிறது" என்ற எச்சரிக்கையும் வந்தது, ஆனால் அந்த வகை எச்சரிக்கை சாதாரணமாகத் திரையில் காட்டப்படாது. 3.14இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பிழை வராமல் சும்மா இருந்துவிடுவதுதான் எரிச்சல்.

மெத்தட் பெயரை விசிட்_கான்ஸ்டன்ட் ஆக்குங்கள், நோட்.என் இருந்தால் நோட்.வேல்யூ ஆக்குங்கள். இப்போது சரங்களும் இதே வழியாக வரும், அதனால் வகையைச் சோதிக்க வேண்டும். இஸ்இன்ஸ்டன்ஸ் வேண்டாம். பைத்தானில் ட்ரூவும் ஒரு இன்ட் தான், அதையும் பிடித்துச் சுற்றிவிடும். டைப்(நோட்.வேல்யூ) இஸ் இன்ட் என்று கேளுங்கள்.

இன்னொன்று: திருத்திய செல்லை அப்படியே ஓட்டினால் பழையதும் பட்டியலில் தங்கும், புதியது கூடவே சேரும். கெர்னலை (பின்னால் பைத்தானை ஓட்டும் நிரல்) ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
1/3 வந்துவிட்டது, நன்றி! ஆனால் அதே நோட்புக்கில் கீழே நம்பை (எண் அர்ரே நூலகம்) செல் ஒன்று படுத்துவிட்டது. 1, 4, 9 என்று ஒரு அர்ரே போட்டு ஸ்கொயர் ரூட் கேட்டால், சிம்பை எண்ணுக்கு ஸ்க்வர்ட் மெத்தட் இல்லை என்று டைப்எரர்.

சேஜ்_ரசிகன்:
எதிர்பார்த்ததுதான். அந்த 1, 4, 9 எல்லாம் இப்போது சிம்பை ஆப்ஜெக்ட். நம்பைக்கு அவற்றைத் தெரியாது, அர்ரேயின் டிடைப் (உறுப்பு வகை) ஆப்ஜெக்ட் ஆகிவிடும். பேசாமல் சேஜுக்கு (பைத்தான் அடிப்படையிலான கணித மென்பொருள்) வந்துவிடுங்கள், அங்கே 1/3 பிறவியிலேயே பின்னம்.

நிரலி:
ஒரு வகுப்புக்காக சேஜை இன்ஸ்டால் செய்யச் சொல்வது கொஞ்சம் அதிகம் :)

டிரான்ஸ்ஃபார்மரை எல்லா செல்லுக்கும் போடாமல், கேட்கிற செல்லுக்கு மட்டும் போடுங்கள். "#பின்னம்" என்று கமென்ட் எழுதி அடையாளம் வைக்க முடியாது, ஏஎஸ்டிக்கு வருவதற்குள் கமென்ட் எல்லாம் உதிர்ந்துவிடும். ரிஜிஸ்டர்_செல்_மேஜிக் வைத்து %%பின்னம் என்று ஒரு மேஜிக் (செல்லின் முதல் வரியில் எழுதும் ஐபைத்தான் கட்டளை) எழுதுங்கள். உள்ளே வேலை இவ்வளவுதான்: டிரான்ஸ்ஃபார்மரை அப்பெண்ட் செய், ட்ரைக்குள் ரன்_செல், ஃபைனலியில் ரிமூவ். ஃபைனலியை விட்டுவிடாதீர்கள். இதை ஒரு .பிஒய் கோப்பில் எழுதி ப்ரொஃபைல்_டிஃபால்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் போட்டால் கெர்னல் எழும்போதே தயாராக இருக்கும்.

இம்போர்ட் செய்யும் .பிஒய் கோப்புகளுக்குள் இது எட்டாது. அங்கே 1/3 தசமம்தான்.

கணக்குப்பிள்ளை:
%%பின்னம் வேலை செய்கிறது, நம்பை செல்லும் பழையபடி ஓடுகிறது. மேட்ச்-கேஸ் எழுதிய ஒரு செல் மட்டும் %%பின்னத்தின் கீழ் கம்பைல் ஆக மறுக்கிறது.

நிரலி:
கேஸ் 1 என்ற இடத்தில் உள்ள லிட்டரலுக்கு (நேரடியாக எழுதிய மதிப்பு) பதிலாக ஃபங்ஷன் கால் வரக்கூடாது. விசிட்_மேட்ச்வேல்யூ என்று ஒரு மெத்தட் சேர்த்து, நோடை அப்படியே ரிட்டர்ன் செய்யுங்கள்.