வாலிபால் குழு டி-ஷர்ட்: ஸ்கிரீனா, டிடிஎஃப்பா, சப்ளிமேஷனா?

வயக்காட்டான்:
பொங்கல் போட்டிக்கு எங்கள் ஊர் வாலிபால் குழுவுக்கு 40 டி-ஷர்ட் அடிக்க வேண்டும். கருப்பு காட்டன். நெஞ்சில் மஞ்சள், சிவப்பு இரண்டு நிறத்தில் சின்னம். முதுகில் அவரவர் பெயரும் எண்ணும். மாதிரிக்கு, கப்பில் போட்டோ அடித்துத் தரும் ஒரு கடையில் வெள்ளை டி-ஷர்ட் ஒன்றில் அடித்து வாங்கினோம். முதலில் பளிச்சென்று இருந்தது, ஒரே சலவையில் வெளிறிவிட்டது. கடைக்காரர் சோப்பைக் குறை சொல்கிறார். எதில் அடித்தால் நிற்கும்?

திருப்பூர்க்காரன்:
சோப்பு இல்லை தம்பி. கப் அடிக்கும் கடை என்றால் அநேகமாக சப்ளிமேஷன்தான். சுமார் 200 டிகிரி சூட்டில் மை ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் போய் உட்காரும். காட்டன் அதைப் பிடிக்காது. துணி எதுவென்று பார்க்க, உள்பக்கம் வெட்டு விளிம்பில் ஒரு இழையை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் காட்டன், உருகி மணியாக இறுகினால் பாலியஸ்டர். தைத்த நூலை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும்.

கருப்பில் சப்ளிமேஷனை மறந்துவிடுங்கள். அதில் வெள்ளை மை கிடையாது, எதுவும் தெரியாது.

வயக்காட்டான்:
எரித்தேன் அண்ணா, காட்டன்தான். அப்போ எல்லாவற்றையும் டிடிஎஃப்பில் அடித்துவிடலாமா?

திருப்பூர்க்காரன்:
வேண்டாம். சின்னம் 40-க்கும் ஒன்றுதானே, அதை ஸ்கிரீனில் போடுங்கள். வலை கட்டிய சட்டத்தின் வழியே மையைத் தேய்த்து இறக்குவது அது. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். கருப்புத் துணி என்பதால் அடியில் வெள்ளைக்கு இன்னொன்று. ஆக மூன்று. அந்தச் செலவை 40 சட்டையில் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. பெயரும் எண்ணும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அதற்கு மட்டும் டிடிஎஃப். ஃபிலிமில் அடித்து, பசைத் தூள் தூவி, சூட்டில் ஒட்டுவது அது. முதுகு முழுக்க ஒட்டினால் காற்றுப் புகாது, வேர்வையில் நசநசக்கும்.

கோட்டுக்கு_வெளியே:
ஆடும் பையன்களுக்கு காட்டனே வேண்டாம், வேர்த்தால் கனக்கும். அவர்களுக்கு மட்டும் வெள்ளைப் பாலியஸ்டர் துணியில், தைக்கும் முன்பே கருப்பு நிறத்தோடு சேர்த்து சப்ளிமேஷன் அடிக்கச் சொல்லுங்கள். பெயர், எண் எல்லாம் அதிலேயே வரும், உரியாது. கைதட்டுகிறவர்களுக்கு காட்டன் போதும்.

வயக்காட்டான்:
நல்ல யோசனை. ஆடுபவர்களுக்குத் தனியாகவே கொடுக்கிறேன். காட்டனை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

திருப்பூர்க்காரன்:
ஸ்கிரீன் அடித்த இடத்தை இரண்டு கையால் இழுங்கள். ஸ்கிரீனில் வழக்கமாகப் போடும் பிளாஸ்டிசால் மை காற்றில் காயாது, சுமார் 160 டிகிரி சூடு ஏற வேண்டும். விரிசல் விட்டால் வேகவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், டிடிஎஃப்பில் பெயரைத் தடித்த எழுத்தில் கேளுங்கள். மெய்யெழுத்துப் புள்ளி பொடிதாக இருந்தால் பசை பிடிக்க இடமில்லாமல் அதுதான் முதலில் உதிரும். ஃபைலில் எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி 40 பேர் பெயரும் பாழாகும்.