கீழே நாம், மாடியில் வாடகைக்கு: எப்படித் தொடங்கினோம்

சேலையூர், சென்னை

வாடகை வருமானம் வேண்டும், எங்கே ஃபிளாட் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். சொந்த வீடோ அப்பா வாங்கிப்போட்ட மனையோ இருந்தால், முதலில் மொட்டைமாடியைப் பாருங்கள். ஃபிளாட் அப்புறம்.

எங்களுடையது அரை கிரவுண்டு மனை. 1,200 சதுர அடி, கீழே பழைய வீடு. மாடியில் 850 சதுர அடி கட்டினோம். சதுர அடிக்கு 2,300 ரூபாய், வெளிப்படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 21 லட்சம் ஆனது. அதில் 16 லட்சம் வங்கிக் கடன். எட்டரை சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு மாதத் தவணை 15,700 சொச்சம் வருகிறது. மாடியை இரண்டு சின்ன போர்ஷனாகப் பிரித்தோம், ஒவ்வொன்றும் 9,500. ஆக மாதம் 19,000.

அதே சமயத்தில் மேடவாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட்டும் பார்த்தோம். அங்கே 17,000 வாடகை வந்தாலே பெரிய விஷயம். 48 லட்சம் கடன் வாங்கினால் 20 வருடத் தவணை 41,000-ஐத் தாண்டும். மாதாமாதம் 24,000 கையிலிருந்து போடவேண்டும், பராமரிப்புச் செலவு தனி. வித்தியாசம் எங்கே என்றால், ஃபிளாட் விலையில் பெரும்பகுதி நிலத்தின் விலை, நிலத்தின் விலைக்கு ஏற்ற வாடகையை நம் ஊரில் யாரும் தருவதில்லை. சொந்த மாடிக்கு நிலத்துக்கென்று தனியாகக் காசு இல்லை, கட்டுமானச் செலவு மட்டும்தான். அதனால்தான் போட்ட பணத்துக்கு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வாடகை வருகிறது. அந்த ஃபிளாட்டில் மூன்றரையைத் தொடவில்லை.

ஆனால் எல்லா வீட்டின் மேலும் மாடி ஏற்ற முடியாது. கல் கட்டடமா, கான்கிரீட் தூண் போட்ட கட்டடமா, அஸ்திவாரம் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே எடுக்கவேண்டும். கொத்தனார் "தாங்கும் சார்" என்று சொல்வதை வைத்துக் கடன் வாங்காதீர்கள். மாடிக்கும் பிளான் அப்ரூவல் வேண்டும். வங்கியில் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் நகல் எல்லாம் கேட்டார்கள். வரப்போகும் வாடகையை அதிகாரி கணக்கிலேயே எடுக்கவில்லை, சம்பளத்தை மட்டும்தான் பார்த்தார். ஆள் இல்லாத மாதத்திலும் தவணை கட்ட முடியுமா என்பதைத்தான் அவர் பார்க்கிறார். அது நியாயம்தான்.

கட்டும்போதே செய்யவேண்டிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன: படிக்கட்டு, மின்சாரம், தண்ணீர். வாடகைக்கு விட்டுப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சண்டை இந்த மூன்றில்தான் வந்திருக்கும். படிக்கட்டு வெளியே இருந்தால், இரவு பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் நம் ஹாலைக் கடக்கவேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள், ஒவ்வொரு முறை ரீடிங் எடுக்கும்போதும் வாக்குவாதம். நாங்கள் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிட்டோம். அவரவர் பில்லை அவரவர் கட்டுகிறார்கள். அரசு தரும் இலவச யூனிட்டும் குடியிருக்கிறவர்களுக்கே போய்ச்சேருகிறது. நியாயமாகச் சேரவேண்டியதும் அவர்களுக்குத்தானே. தண்ணீருக்கு மேலே ஆளுக்கொரு தொட்டி. மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் எங்கள் இணைப்பில் ஓடுகின்றன. அந்தச் செலவை வாடகையிலேயே சேர்த்துவிட்டோம், தனியாகக் கேட்பதில்லை.

ஆள் பார்க்கும்போது புரோக்கர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த ஆளுங்களுக்கு விடுவீங்க சார்?" என்பதுதான். வாடகை தருகிறவர்களுக்கு என்றேன். சாதியையும் சாப்பாட்டையும் கேட்டு வீடு விடுவது பெரிய அநியாயம். வேலை எங்கே, எத்தனை பேர், வண்டி எத்தனை என்பதைத் தாண்டி நமக்கு என்ன தெரியவேண்டும்?

முதலில் வந்த குடும்பத்தில் அந்த அம்மா பேசவே இல்லை. நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். சிங்க்கின் உயரத்தைக் கையை வைத்துப் பார்த்தார். பாத்ரூமில் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தார். கடைசியாக, "துணி எங்க காயப்போடறது?" என்றார். எஞ்சினியர், மேஸ்திரி, வங்கிக்காரர் யாரும் கேட்காத கேள்வி. அடுத்த வாரமே மேல்தளத்தில் குழாய் நட்டு இரண்டு பக்கமும் கொடி கட்டினோம், மாடிச்சாவி ஒன்றை அவர்களிடமே கொடுத்தோம். இன்னும் அவர்கள்தான் இருக்கிறார்கள்.

பதினொரு மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்று இன்னமும் சொல்வார்கள், கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். முன்பணமாக மூன்று மாத வாடகையைத்தான் சட்டம் பொதுவாகச் சொல்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்டுப் பழகியவர்களுக்குக் குறைவாகத் தெரியும். மூன்று மாதமே போதும் என்பது என் கருத்து. எவ்வளவு முன்பணம் வாங்கினாலும் அது நம் பணம் இல்லை, காலி செய்யும் நாளில் திருப்பித் தரவேண்டிய கடன். அதைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். வாடகை பாக்கி என்றாலும் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

இரண்டாவது போர்ஷனில் ஒரு தம்பிக்கு வேலை போய் இரண்டு மாத வாடகை நின்றுவிட்டது. உட்கார்ந்து பேசி, முன்பணத்தில் கழித்துக்கொண்டு, ஊருக்குப் போக நேரம் கொடுத்தோம். அந்த இரண்டு மாதமும் பக்கத்துப் போர்ஷன் வாடகை வந்துகொண்டிருந்ததால்தான் எங்களால் பொறுமையாக இருக்க முடிந்தது. ஒரே பெரிய போர்ஷனாகக் கட்டாமல் இரண்டாகப் பிரித்ததன் பலன் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

ஜெர்சி சிட்டி, நியூ ஜெர்சி

சேலையூர் அண்ணா சொன்னதை அமெரிக்காவில் ஹவுஸ் ஹாக்கிங் என்கிறார்கள். இங்கே கணக்கு கொஞ்சம் வேறு, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு முதல் நான்கு குடும்பங்கள் இருக்கக்கூடிய வீட்டை வாங்கி, ஒன்றில் நாமே குடியிருந்தால், அதற்குச் சாதாரண வீட்டுக் கடனே தருகிறார்கள். எஃப்ஹெச்ஏ என்ற மத்திய அரசு அமைப்பு காப்பீடு தரும் கடனில் கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால் மூன்றரை சதவீத முன்பணம் போதும். கடன் முடிந்து 60 நாளுக்குள் குடியேறி, குறைந்தது ஒரு வருடம் இருக்கவேண்டும். நான் வாங்கியது 6,50,000 டாலர் விலையில் இரண்டு குடும்ப வீடு, கையிலிருந்து 22,750. சேலையூரில் வங்கிக்காரர் பார்க்காத வாடகையை இங்கே பார்க்கிறார்கள். மாடிக்கு 2,400 டாலர் வாடகை கிடைக்கும் என்று மதிப்பீட்டாளர் எழுதினால், அதில் 75 சதவீதத்தை என் வருமானத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். முன்பணம் குறைவு என்பதற்காக மயங்கவேண்டாம். காப்பீட்டுக் கட்டணமாகக் கடனில் 1.75 சதவீதம் முதலிலேயே ஏறும், அப்புறம் வருடா வருடமும் உண்டு. சொத்து வரியையும் சேர்த்துப் பார்த்தால், மாடி வாடகை என் மாதச் செலவில் பாதியைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் ஈடுகட்டுகிறது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஹெச்1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் கவனிக்க: 2025 மே 25 முதல் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு எஃப்ஹெச்ஏ கடன் இல்லை. வழக்கமான கடனில், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம் 2023 நவம்பர் முதல் இப்படி நாமே குடியிருக்கும் வீட்டுக்கு ஐந்து சதவீத முன்பணத்தை ஏற்கிறது. அந்த வழியை விசாரியுங்கள்.

நான் பார்த்த இன்னொரு வீட்டில், விற்பவரின் ஏஜென்ட் பேஸ்மென்ட்டைக் காட்டி, "இதையும் விட்டால் மூன்று வாடகை" என்றார். கீழே ஒரு அடுப்பு, ஒரு குளியலறை, கையகல ஜன்னல். நகர அலுவலகத்தில் கேட்டால் பதிவில் இரண்டு குடும்பம் மட்டும்தான். அனுமதி இல்லாத பேஸ்மென்ட் வாடகையை வங்கியும் கணக்கில் எடுக்காது. பணத்தை விடுங்கள், 2021-இல் ஐடா புயல் மழையின்போது நியூயார்க்கில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மாதிரி பேஸ்மென்ட்களில் மாட்டிக்கொண்டவர்கள். வெளியே வர இரண்டாவது வழி இல்லாத இடத்தில் யாரையும் குடிவைக்காதீர்கள். அந்த வீட்டை விட்டுவிட்டேன்.

ஹீட்டிங்கும் முக்கியம். நியூ ஜெர்சியில் வீட்டுக்காரர் ஹீட்டிங் கொடுக்கும் வீடு என்றால் அக்டோபர் 1 முதல் மே 1 வரை பகலில் 68 டிகிரி ஃபாரன்ஹீட், இரவில் 65 இருக்கவேண்டும். மேலே கீழே இரண்டுக்கும் ஒரே பாய்லர் உள்ள பழைய வீட்டில் அந்தச் செலவு முழுக்க நம் தலையில். தனித்தனி மீட்டர் என்று அண்ணா சொன்னது இந்த ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

பீளமேடு, கோயம்புத்தூர்

அண்ணன் இரண்டு பேரும் குடும்பங்களுக்கு விட்டதைச் சொன்னீர்கள். நானும் அம்மாவும் கீழே இருக்கிறோம். மாடியில் வேலைக்குப் போகும் மூன்று பெண்கள். கல்லூரிகளும் ஐடி கம்பெனிகளும் பக்கத்தில் இருப்பதால் கட்டில் கணக்கில் விட்டால் இரண்டு மடங்கு வரும் என்று பலர் சொன்னார்கள். சாப்பாடு போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்தால் அது விடுதி. பெண்கள் விடுதிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. உரிமம், காப்பாளர், கேமரா, தீயணைப்புச் சான்று எல்லாம் வேண்டும். அதை ஒரு முழுநேரத் தொழிலாகச் செய்யமுடிந்தவர்கள் செய்யட்டும். நாங்கள் ஒரே வீடாக, மூன்று பேரும் கையெழுத்திட்ட ஒரே ஒப்பந்தமாகப் போட்டுவிட்டோம். ஒருவர் காலி செய்தால் வேறொரு தோழியை அவர்களே கூட்டி வருகிறார்கள்.

கீழேயே இருக்கிறோம் என்பதற்காக நினைத்தபோது மேலே ஏறிப் போய்விடக்கூடாது என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். குழாய் ரிப்பேர் என்றாலும் முந்தின நாளே மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் போவோம். அது அவர்கள் வீடு.

திருச்சி

சேலையூர் அண்ணா, எனக்கு மனை இல்லை. கையில் 12 லட்சம் இருக்கிறது. சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா? வாடகைக்கு வரி எப்படி?

சேலையூர், சென்னை

தம்பி, நீங்கள் இருப்பது திருச்சியில், வீடு ஓஎம்ஆரில் என்றால் குழாய் உடைந்தாலும் யாரையாவது அனுப்பவேண்டும். உங்கள் ஊரிலேயே கீழே ஒன்று மேலே ஒன்று என்று இருக்கும் பழைய தனி வீடு தேடுங்கள், ஒன்றில் நீங்கள் இருங்கள். நீங்கள் இப்போது கட்டும் வாடகையும் மிச்சமாகும். பத்திரச் செலவை மறக்கவேண்டாம், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்குப் பதிந்தால் அதுவே நாலரை லட்சம், வங்கி அதற்குக் கடன் தராது. கடனும் 30 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான். ஆக 50 லட்சம் வீட்டுக்குப் பத்து லட்சம் முன்பணமும் பத்திரச் செலவும் சேர்ந்து உங்கள் 12 லட்சத்தைத் தாண்டிவிடும். 40 லட்சத்துக்குள் பாருங்கள்.

வரி என்று பார்த்தால், வந்த வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழிவு, அப்புறம் வாடகைக்கு விட்ட பகுதிக்கான கடன் வட்டியைக் கழிக்கலாம். வட்டியைப் பரப்பளவு விகிதத்தில் பிரித்துக் காட்டவேண்டும். புதிய வரி முறையில் அந்த வட்டி வாடகைக்கு எதிராக மட்டும்தான் கழியும், நஷ்டம் வந்தால் சம்பளத்தில் சரிக்கட்ட முடியாது. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் வட்டிக்குப் புதிய முறையில் கழிவே இல்லை. வீடு ஏதாவது கண்ணில் பட்டால் வில்லங்கச் சான்றைப் போட்டு எடுத்துவிட்டு எழுதுங்கள், கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம்.